துள்ளுமாரியில் ஒரே இரவில் மூன்று குட்டிகள் போயின: காற்றில்லாமல் வாழும் கிருமி என்றால் என்ன?

கிடைக்காரன் | சிவகங்கை
அனைவருக்கும் வணக்கம். முதல் மழை பெய்து நான்கைந்து நாளில் வரப்பெல்லாம் இளம்புல் பச்சைப்பசேலென்று எழுந்துவிட்டது. கோடை முழுவதும் சருகும் கருவேலங்காயும் தின்று கிடந்த ஆடுகள்தானே, ஆசைதீர மேயட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் விடியலில் பட்டிக்குப் போனால், இருப்பதிலேயே கொழுத்த மூன்று குட்டிகள் தரையில் கிடக்கின்றன. இரண்டு ஏற்கெனவே விறைத்துவிட்டன. மூன்றாவது, தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு கால்களை உதைத்தது. இரண்டு முறை தரையிலிருந்து எம்பித் துள்ளியது. மடியில் தலையை வைத்துத் தண்ணீர் புகட்டப் பார்த்தேன், பல்லைக் கிட்டிக்கொண்டது. அரைமணி நேரத்தில் அடங்கிவிட்டது.

மருத்துவர் வந்து வயிற்றை அறுத்துப் பார்த்துவிட்டுத் துள்ளுமாரி என்றார். காற்று ஆகாத கிருமியாம். மண்ணிலும் இருக்குமாம், ஆட்டின் குடலிலும் எப்போதும் இருக்குமாம். எனக்கு மூன்று கேள்விகள் மனத்தை அரிக்கின்றன. எப்போதும் குடலில் இருப்பது நேற்றுவரை ஏன் சும்மா இருந்தது? காற்று ஆகாது என்றால் மண்ணில் எப்படிப் பிழைக்கிறது? மெலிந்த குட்டியையெல்லாம் விட்டுவிட்டுக் கொழுத்ததை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டது?

மேய்ச்சல்நிலம் | ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்
தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விக்குள்ளேயே முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது.

அந்தக் கிருமியின் பெயர் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். அதில் 'டி' வகை. நல்ல ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். உணவு சீராக வந்து சீராகச் செரித்துக் கீழே போய்க்கொண்டிருக்கும்வரை அதற்குத் தீனி கிடைக்காது. காய்ந்த சருகிலிருந்து ஒரே நாளில் இளம்புல்லுக்கோ தானியத்துக்கோ மாறினால் முன்வயிற்றால் அத்தனையையும் சமாளிக்க முடியாது. செரிக்காத மாவும் சர்க்கரையும் சிறுகுடலுக்குள் வழிந்துவிடும். அங்கே காற்று இல்லை, சூடு இருக்கிறது, இப்போது தீனியும் வந்துவிட்டது. சில மணி நேரத்தில் அது பெருகி எப்சிலான் என்ற நச்சை உமிழ்கிறது. கொடுமை என்னவென்றால், அந்த நச்சு வெளிவரும்போது வீரியமற்றது. ஆட்டின் குடலிலேயே சுரக்கும் டிரிப்சின் என்ற செரிமான நொதி அதை வெட்டித்தான் கொல்லும் நச்சாக மாற்றுகிறது. இரத்தக் குழாய்கள் கசிகின்றன, மூளை வீங்குகிறது. நீங்கள் பார்த்த துள்ளலும் வளைதலும் மூளையின் வேதனை. செத்த சில மணி நேரத்தில் சிறுநீரகத்தைத் தொட்டால் கூழாக இருக்கும்.

கொழுத்த குட்டி என்றால் அதிகம் தின்ற குட்டி, பால் மிகுந்த தாயிடம் குடித்த குட்டி. அதனால்தான் அவை முதலில் போகின்றன. உங்கள் வளர்ப்பில் குறை இருந்து நடந்தது என்று மனம் உடையாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மேய்ச்சலைச் சில நாட்களுக்குக் காலையில் சிறிது நேரம் மட்டும் விடுங்கள். போகும் முன் வைக்கோலோ சோளத்தட்டையோ கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டு அனுப்புங்கள். எஞ்சிய ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இந்த ஊசி தயாராகிறது. உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். முதல் தடவை போடும் குட்டிகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தவணை வேண்டும். பிறகு ஆண்டுதோறும் மழைக்கு முன்னால்.

புதுவாசகன் | கல்லூரி மாணவன்
ஐயா சொன்னது புரிந்தது. அடிப்படையில் ஒன்று கேட்கிறேன். ஆக்சிஜன் எல்லா உயிருக்கும் தேவை என்றுதானே படித்தோம்? அது எப்படி ஒரு உயிருக்கு நஞ்சாகும்?

ஆய்வகவிளக்கு | மதுரை
நல்ல கேள்வி தம்பி. நான் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இவற்றைப் பெட்டிக்குள் வைத்து வளர்ப்பது என் அன்றாட வேலை.

ஆக்சிஜன் இயல்பிலேயே எரிக்கும் பொருள். இரும்பைத் துருவாக்குவதும் அதுதான், எண்ணெயைச் சிக்கு வாடை அடிக்க வைப்பதும் அதுதான். செல்லுக்குள் போனால் சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கொடிய துணுக்குகளை உண்டாக்கும். நம் செல்களில் அவற்றை உடனுக்குடன் அணைக்கும் நொதிகள் உண்டு. புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கிறதே, அது நம் திசுவிலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதை உடைப்பதால் வரும் நுரை. காற்றில்லா உயிர்கள் பலவற்றில் இந்த நொதிகள் இல்லை, இருந்தாலும் போதாது. அவற்றின் முக்கிய நொதிகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பகுதிகள் உண்டு. ஆக்சிஜன் பட்டவுடன் அவை சிதைந்துவிடும்.

பூமியின் கணக்கில் பார்த்தால் இவைதான் மூத்த குடிகள். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது. அதற்கு முன் இருந்த உயிர்களெல்லாம் அது இல்லாமலே வாழ்ந்தவை. ஆக்சிஜன் பரவியபோது அவை சேற்றுக்கும் கடலடிக்கும், பின்னாளில் விலங்குகளின் குடலுக்கும் ஒதுங்கின.

மனிதர்கள் இதைக் கண்டுகொண்ட கதையும் அழகானது. 1861இல் லூயி பாஸ்டர், கெட்ட வெண்ணெயின் வாடை வரும் பியூட்டிரிக் நொதித்தலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு துளி திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். துளியின் விளிம்பில், காற்றுப் படும் இடத்தில் இருந்தவை அசைவற்றுக் கிடந்தன. நடுவில் இருந்தவை சுறுசுறுப்பாக ஓடின. வழக்கமாக விளிம்பை நோக்கித்தான் நுண்ணுயிர்கள் ஓடும். இது தலைகீழாக இருந்தது. காற்றில்லாத வாழ்வு என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார்.

கிடைக்காரன் அண்ணாவின் இரண்டாவது கேள்விக்கு: கிளாஸ்டிரிடியம் குடும்பத்துக்கு வித்தாக மாறும் திறமை உண்டு. சூழல் ஒத்துவராதபோது தன் மரபுப் பொருளைச் சுற்றிக் கடினமான ஓடுகளைக் கட்டிக்கொண்டு உறங்கிவிடும். வெயில், வறட்சி, கொதிநீர், காற்று எதுவும் எளிதில் அதை ஒன்றும் செய்யாது. ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். காற்றில்லாத ஈரமான இடம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும்.

தென்னந்தோப்பு | பொள்ளாச்சி
எல்லாவற்றுக்கும் ஊசி என்கிறீர்கள். எங்கள் பாட்டி காலத்தில் வெட்டுக்காயத்துக்குப் பசுஞ்சாணம்தான் அப்பினார்கள். சாணம் கிருமிநாசினி. வாசலில் தெளிப்பதே அதற்காகத்தானே?

பனங்கூடல் | யாழ்ப்பாணம்
ஐயா, உங்கள் பாட்டி மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இதை மறுக்காமல் போக முடியாது. நான் முப்பது வருடம் தாதியாக இருந்தவள்.

தனுர்வாயு என்றும் ரண ஜன்னி என்றும் நீங்கள் சொல்வதை நாங்கள் ஏற்பு என்போம். அதற்கான ஊசி ஏற்பு ஊசி. அந்தக் கிருமி கிளாஸ்டிரிடியம் டெட்டனி. அதன் வித்து மாடு, குதிரை, ஆடு ஆகியவற்றின் குடலிலும் சாணத்திலும் சாணம் விழுந்த மண்ணிலும் இருக்கிறது. ஆழமான காயத்தில் சாணத்தை அப்புவது, வித்தை உள்ளே வைத்து மேலே காற்றுப் புகாமல் மூடி போடுவதற்குச் சமம். வாசலில் தெளிப்பது வேறு, புண்ணில் வைப்பது வேறு.

ஒரு காலத்தில் பிள்ளைப்பேற்றில் தொப்புள்கொடியை அரிவாளாலோ துருப்பிடித்த பிளேடாலோ அறுத்துச் சாணமும் சாம்பலும் வைத்தார்கள். பிறந்து மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை ஐந்தாம் ஆறாம் நாளில் வாயைத் திறக்க முடியாமல் போகும். தொட்டால் உடம்பு வில்லாக வளையும். கதவு சாத்தும் சத்தத்துக்குக்கூட வளையும். பயிற்சிக் காலத்தில் நான் ஒரு குழந்தையை அப்படிப் பார்த்தேன். அறையை இருட்டாக்கி, சத்தம் வராமல் கதவு இடுக்கில் துணி செருகி, மூன்று இரவு பக்கத்தில் இருந்தோம். நாலாம் நாள் தாயிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தாய்க்குக் கர்ப்பத்தில் போடும் ஊசியும் சுத்தமான பிரசவமும்தான் அந்த அவலத்தை ஒழித்தன. இந்தியாவில் ஒவ்வொரு மாவட்டத்திலும் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்றுக்கும் கீழே அது குறைந்துவிட்டதென 2015இல் உறுதி செய்யப்பட்டது. இதைப் பெற்றுத் தந்தது சாணம் இல்லை.

தென்னந்தோப்பு | பொள்ளாச்சி
அம்மா, நீங்கள் சொன்ன குழந்தையைப் படித்தபின் வாதாட மனம் வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவுபடுத்துங்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் இந்த நோய் வருமா? ஒவ்வொரு கீறலுக்கும் ஓடிப்போய் ஊசி போட வேண்டுமா?

பனங்கூடல் | யாழ்ப்பாணம்
துரு வெறும் இரும்பு. அதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை. வெளியில் கிடந்த ஆணியில் மண் ஒட்டியிருக்கும், அது ஆழமாகக் குத்தும், வாய் சிறிதாக இருப்பதால் காயம் உடனே மூடிக்கொள்ளும். அதனால்தான் ஆணிக்கு அந்தப் பெயர். முள்முருங்கை வேலி முள்ளும் கருவை முள்ளும் அதே வேலையைச் செய்யும்.

முழுமையாகத் தவணைகள் போட்டவருக்குச் சுத்தமான சிறு காயமென்றால் பத்து வருடத்துக்குள் மறுபடி வேண்டாம். மண், சாணம் பட்ட காயமென்றால் கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் போட வேண்டும். ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் போதும். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, செத்த தோலையும் மண்ணையும் எடுத்துவிடுவதே முதல் வைத்தியம்.

இன்னொன்று. ஏற்பு வந்து பிழைத்தவருக்கும் ஊசி போட வேண்டும். அம்மை போல ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்று நினைக்கக் கூடாது. இந்த நச்சு ஒரு கிலோ உடல் எடைக்கு இரண்டரை நானோகிராம் அளவில் மனிதனைக் கொல்லும். உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பை உருவாக்கும் அளவுக்கு அது நுழைவதே இல்லை. அதற்கு முன்பே ஆளைச் சாய்த்துவிடுகிறது. தொற்றி வரும் நோயும் இல்லை என்பதால், ஊரில் எல்லாரும் ஊசி போட்டார்கள், எனக்கு வேண்டாம் என்று இருக்கவும் முடியாது. அவரவருக்கு அவரவர் ஊசிதான்.

செல்லம்மா வீடு | காரைக்குடி
பேத்தி பிறந்து பத்து நாள் ஆகிறது. சேனை வைக்கும்போது நாக்கில் தேன் தடவக்கூடாது என்று மருமகள் பிடிவாதமாக இருக்கிறாள். தேன் கெடாத பொருள். இந்த இழைக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று அவள்தான் படிக்கச் சொன்னாள்.

ஆய்வகவிளக்கு | மதுரை
மருமகள் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. தேனில் கிருமி வளராது என்பது உண்மை. ஆனால் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினத்தின் வித்து தேனில் உறங்கிக் கிடக்கலாம். நம் குடலில் மற்ற கிருமிகள் கூட்டமாக இருப்பதால் அது விழித்து இடம்பிடிக்க முடியாது. பச்சிளம் குழந்தையின் குடல் காலி நிலம். அங்கே அது முளைத்து நச்சைச் சுரந்தால், குழந்தைக்கு முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகுரல் மெலிதல், கழுத்து தொய்தல், மூச்சுத் திணறல். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில்தான் இது தனி நோய் என்று அடையாளம் கண்டார்கள். ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம். உறவினர் முன்னால் சடங்கு நடக்கட்டும், தாய்ப்பாலை ஒரு துளி தொட்டு வையுங்கள்.

பெரியவர்களுக்கு இந்தக் கிருமி வேறு வழியில் வருகிறது. 1895இல் பெல்ஜியத்தின் எல்செல் என்ற ஊரில் ஓர் இறுதிச்சடங்குக்கு வாசித்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித்தொடை சாப்பிட்டுப் படுத்தார்கள், மூவர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் வான் எர்மெங்கெம் என்ற ஆய்வாளர் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். நம் வீட்டு ஊறுகாயில் புளிப்பும் உப்பும் இருப்பதால் இது தலையெடுக்காது. ஆனால் புளிப்பே இல்லாமல் பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து மேசையில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள். எண்ணெய்க்கு அடியில் காற்று கிடையாது. உப்பிய டின்னையும் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம்.

புதுவாசகன் | கல்லூரி மாணவன்
அக்கா, வித்து வைக்கும் கிளாஸ்டிரிடியம் மட்டும்தானா? மருத்துவமனையில் வேறு எவை வருகின்றன?

ஆய்வகவிளக்கு | மதுரை
தம்பி, உண்மையில் அன்றாடம் வருபவை வித்தே வைக்காதவை. நம் பெருங்குடலில் வாழும் கிருமிகளில் மிகப்பெரும்பாலானவை காற்றில்லாதவைதான். அவற்றில் பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் சிறுபான்மை. ஆனால் குடல்வால் வெடித்தாலோ குடலில் ஓட்டை விழுந்தாலோ வயிற்றறைக்குள் கசிந்து சீழ்க்கட்டி வைப்பதில் அதுதான் முதலிடம். வாயிலும் அப்படித்தான். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பையில் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் குடியிருக்கிறது. மயங்கிக் கிடப்பவர் தன் எச்சிலை மூச்சுக்குழாய்க்குள் இழுத்துவிட்டால் நுரையீரலில் கட்டி வரும். அவர் இருமும்போது வார்டு முழுக்க வாடை பரவும்.

எங்கள் வேலையில் ஒரு குறை பல ஆண்டுகளாக என்னை வருத்துகிறது. சீழைப் பஞ்சில் ஒற்றி, மூடி சரியாக இல்லாத குழாயில் போட்டு, மதியம்வரை மேசையில் வைத்துவிட்டு அனுப்புகிறார்கள். வந்து சேரும்போது காற்றில்லாக் கிருமிகள் செத்துப் போயிருக்கும். கறை போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் விதவிதமான குச்சிகளும் மணிகளும் தெரிகின்றன. சாதாரணத் தட்டில் எதுவும் முளைக்கவில்லை. 'வளர்ச்சி இல்லை' என்ற அறிக்கை போகிறது. நோயாளிக்கு எதுவுமில்லை என்று படிக்கிறார்கள். சீழை ஊசிக்குழலில் உறிஞ்சி, மேலே நிற்கும் காற்றைத் தள்ளிவிட்டு உடனே கொண்டுவந்தால் போதும். நாங்கள் அதைக் காற்றில்லா ஜாடியில் வைப்போம். உள்ளே ஒரு பொட்டலம் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். நீல நிறப் பட்டை வெளுத்துவிட்டால் ஜாடி தயார். நாற்பத்தெட்டு மணி நேரம் திறக்கக் கூடாது. திறக்கும்போது எழும் வாடையை நான் எத்தனை ஆண்டானாலும் மறக்கமாட்டேன், ஆனால் அந்தத் தட்டில் பொடிப்பொடியாக முளைத்திருப்பதைப் பார்த்தவுடன் ஒரு மனிதருக்குச் சரியான மருந்து போகும் என்ற நிம்மதி வரும்.

மருந்து என்றதும் மெட்ரோனிடசோல். அது முதலில் டிரைகோமோனாஸ் என்ற வேறொரு கிருமிக்காக வந்தது. 1962இல் அந்த நோய்க்கு அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறுப்புண்ணும் சேர்ந்து ஆறிவிட்டது. அங்கிருந்துதான் காற்றில்லாக் கிருமிகளுக்கும் அது உதவும் என்று தெரிந்தது. காற்றில்லாச் செல்லுக்குள் போனால்தான் அது எலக்ட்ரானைப் பெற்றுக்கொண்டு நஞ்சாக மாறி மரபிழையை உடைக்கும். நம் செல்லில் அப்படி மாறுவதில்லை. வயிறு சரியில்லை என்றவுடன் கடையில் கேட்டு வாங்கி இரண்டு மாத்திரை விழுங்குபவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. இவ்வளவு குறிபார்த்து அடிக்கும் மருந்தைப் பழுதாக்குகிறோம்.

வண்டல் | திருவாரூர்
நோயைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வயலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கிருமிகளின் மேல்தான் நாங்கள் நின்று நாற்று நடுகிறோம்.

வயலில் தண்ணீர் கட்டியவுடன் ஓரிரு நாளில் சேற்றிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதன்பின் நுண்ணுயிர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கின்றன: முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, சல்பேட். எல்லாம் தீர்ந்தபின் மீத்தேன். சேற்றில் கால் வைத்தால் குமிழி வருகிறதே, அது.

பயிர் எப்படி இருக்கிறது என்று அறிய என் தாத்தா ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்ப்பார். வேர் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் பேசாமல் நட்டுவிடுவார். நெல் தன் தண்டின் குழல் வழியே காற்றை வேருக்கு அனுப்புகிறது, அந்தக் காற்றில் இரும்பு துருவாகி வேரில் படிகிறது என்று பின்னாளில் படித்தேன். வேர் கறுத்து, முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை வந்தால் உடனே மடையைத் திறக்கச் சொல்வார். சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா விட்ட ஹைட்ரஜன் சல்பைடு வேரைச் சாகடிக்கிறது. போன ஆண்டு தழையுரத்தை அளவுக்கு மீறி மிதித்துவிட்டு நட்டேன். மூன்றாம் வாரம் பயிர் மஞ்சளடித்தது. தூரைப் பிடுங்கினால் வேர் கரித்துண்டு போல இருந்தது. தண்ணீரை வடித்து நான்கு நாள் காயவிட்டபின்தான் புது வேர் வெள்ளையாக எட்டிப்பார்த்தது.

குடைமிளகாய் | சென்னை
அண்ணா, நெல் வயல்களால்தான் பூமி சூடாகிறது என்கிறார்களே? மீத்தேன் கரியமில வாயுவைவிட மோசம் என்று படித்தேன்.

வண்டல் | திருவாரூர்
நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும் என்பது உண்மை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் சோறு விளைவிக்கிறவன் தலையில் மட்டும் அந்தப் பழியைக் கட்டும்போது வலிக்கிறது. நிலக்கரிச் சுரங்கமும் எண்ணெய்க் கிணறும் குப்பைமேடும்கூட மீத்தேனை விடுகின்றன.

வழியும் இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் முறை. எப்போதும் தண்ணீர் தேக்காமல், மண்ணில் மயிரிழை வெடிப்புத் தெரியும்வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. காற்று உள்ளே போனவுடன் மீத்தேன் உயிர்கள் ஒடுங்கிவிடும். வாயு ஏறத்தாழ பாதி குறைகிறது, தண்ணீரும் மிச்சம். நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும்; அதனால் யூரியாவை அள்ளி வீசக் கூடாது. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள், பதராகிவிடும். எங்கள் பகுதியில் இதற்குத் தடையாக இருப்பது தண்ணீர் முறை. ஆற்றில் என்றைக்கு வரும் என்று தெரியாதபோது, வந்த தண்ணீரை வடிக்க யாருக்கு மனம் வரும்?

சாணக்குழி | கோபிசெட்டிபாளையம்
அதே மீத்தேனில்தான் எங்கள் வீட்டில் பதினாறு ஆண்டுகளாக அடுப்பு எரிகிறது. இரண்டு கன மீட்டர் கலன். நாலைந்து மாட்டின் சாணம், நாளுக்கு ஐம்பது கிலோ, சம அளவு தண்ணீர்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. முதல் கூட்டம் பாக்டீரியா. சாணத்தை உடைத்துப் புளிப்பாக்கும். இரண்டாம் கூட்டம் அந்தப் புளிப்பை மீத்தேனாக்கும். இரண்டாவது பாக்டீரியாவே கிடையாது, ஆர்க்கியா என்ற தனிக் குலம் என்று 1977இல் கார்ல் வோஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். முதல் கூட்டம் வேகம், இரண்டாவது நிதானம். ஒருமுறை வீட்டு விசேஷம் முடிந்து மிஞ்சிய சோற்றை அண்டா அண்டாவாகக் கலனுக்குள் கொட்டிவிட்டோம். மூன்றாம் நாள் சுடர் மஞ்சளாகித் துடித்தது, ஐந்தாம் நாள் அணைந்தேவிட்டது. வெளித்தொட்டியில் குழம்பு புளித்த மாவு போல் நாறியது. கிடைக்காரன் தம்பியின் ஆட்டு வயிற்றில் நடந்த அதே கதை: மாவு அளவுக்கு மிஞ்சியது. பத்து நாள் எதையும் ஊற்றாமல், பிறகு சாணம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி மீட்டோம்.

கழிவுக் குழம்பை வயலுக்கு விடும்போது காலில் வெட்டு இருந்தால் இறங்காதீர்கள். கலனின் சூட்டில் ஏற்பு வித்து சாகாது.

நிழல்மரம் | சென்னை
படித்துக்கொண்டே வந்தேன். நான் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. என் அப்பா கழிவுநீர்க் குழாய் வேலை பார்த்தவர்.

செப்டிக் டேங்க் என்பதும் உங்கள் சாணக்கலன் போன்றதுதான். மேலே ஆடை கட்டியிருக்கும், கீழே சேறு. சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கி அந்தச் சேற்றில் அடைத்து வைக்கிறது. மூடியைத் திறந்து சற்று நேரம் வைத்தால் போய்விடும் என்பார்கள். போகாது. காற்றைவிடக் கனமானது. கம்பால் கிளறும்போதும் காலால் மிதிக்கும்போதும்தான் மொத்தமாக வெளிவரும்.

வாடை வந்தால் எச்சரிக்கையாக இருப்போம் என்று நினைப்பதும் தவறு. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை வாடை தெரியும். நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று இறங்குவார்கள். ஆயிரம் பங்கென்றால் ஓரிரு மூச்சு. விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கமும் உதவாது. ஆயிரம் பங்கு விஷவாயு இருந்தாலும் விளக்கு எரியும். மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும்.

ஒரு வீட்டுத் தொட்டியில் அப்பாவின் கூட்டாளி முதலில் இறங்கினார். சத்தம் இல்லை என்று அவர் தம்பி இறங்கினார். மூன்றாவதாக இறங்கப் போன என் அப்பாவை, தெருவில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டார். அந்தச் சட்டையின் கிழிந்த காலர் வீட்டில் இன்னும் இருக்கிறது.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி ஒருவரைப் பாதுகாப்பின்றித் தொட்டியில் இறக்குவது குற்றம். 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரச் சொன்னது; 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. உங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பினால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். அடியில் சேறு மிஞ்சுகிறது, ஆள் இறங்கி அள்ளட்டும் என்று ஒருவர் சொன்னால், வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். விழுந்தவரைத் தூக்க யாரும் குதிக்கக் கூடாது. தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

புதுவாசகன் | கல்லூரி மாணவன்
நிழல்மரம் அண்ணா, எங்கள் விடுதித் தொட்டியை அடுத்த வாரம் சுத்தம் செய்யப் போகிறார்கள். காப்பாளரிடம் நாளைக்கே பேசுகிறேன்.

கிடைக்காரன் | சிவகங்கை
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை நாற்பத்தாறு ஆடுகளுக்கும் ஊசி போட்டாகிவிட்டது. மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. பக்கத்து வீட்டில் ஒன்றரை வயதுக் கிடேரி நேற்று முதல் பின்காலை இழுக்கிறது. தொடை வீங்கியிருக்கிறது. அழுத்தினால் நறநறவென்று சத்தம் வருகிறது. இதுவும் அந்தக் குடும்பமா?

மேய்ச்சல்நிலம் | ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்
சப்பை நோயாக இருக்கும் தம்பி. கிளாஸ்டிரிடியம் சோவியாய். தசைக்குள் வாயு சேர்வதால் அந்தச் சத்தம். இளம் மாட்டைத்தான் பிடிக்கும், அதுவும் நல்ல சதையுள்ளதை. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆரம்பத்தில் பென்சிலின் கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அந்த வீட்டின் மற்ற கன்றுகளை வேறு இடத்தில் கட்டுங்கள், ஊசி போடச் சொல்லுங்கள். கிடேரி இறந்துவிட்டால் யாரும் தோலுரிக்கவோ அறுக்கவோ கூடாது. மேய்ச்சல் இடத்துக்கும் கிணற்றுக்கும் தள்ளி ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, மேலே முள் வெட்டிப் போடுங்கள். வித்து மண்ணில் இறங்கிவிட்டால் உங்கள் பேரன் காலத்திலும் அந்த இடத்தில் மாடு கட்ட முடியாது.

கிடைக்காரன் | சிவகங்கை
மருத்துவர் கிளம்பிவிட்டார் ஐயா. நான் அங்கேதான் நிற்கிறேன். கிடேரி இப்போதும் நிற்கிறது.